விளாங்காய் ஓட்டுக்கு வந்த சித்தி

அல்லிக்குளத்தின் வடகரையில், விளாமரத்துக்கு அடியில், அணில் ஓட்டை போட்டுத் தின்றுவிட்டுப் போன விளாங்காய் ஓடு ஒன்று கிடந்தது. அதற்குள் ஓர் எறும்புக் குடும்பம் வாழ்ந்தது. முதல் மழை பெய்து வெறித்த அன்று காலை அங்கே இருந்தவர்கள்: முட்டையிடும் அம்மா ஒருத்தி. அவள் பெற்ற வேலைக்காரப் பெண்கள் அறுபத்து நான்கு பேர். முட்டைகள் இருபத்து மூன்று. வாயைத் திறந்து தீனி கேட்கும் புழுப் பிள்ளைகள் பத்தொன்பது. கூட்டைப் போர்த்தித் தூங்கும் பிள்ளைகள் பதினொன்று. ஆக நூற்றுப் பதினெட்டு உயிர்.

நண்பகலில் அது நூற்றுப் பத்தொன்பது ஆயிற்று. அந்த ஒன்று கூடியதால் வந்த வினையே இந்தக் கதை.

எறும்புக்கு மூக்கு அதன் தலையில் இருக்கும் இரண்டு உணர்கொம்புகள்தான். இருட்டில் அம்மா யார், அக்கா யார், அயலார் யார் என்று கொம்பால் தடவி, முகர்ந்து சொல்லிவிடும். அந்த ஓட்டின் வாசலில் காவல் இருந்தவள் கூர்மாயி. எட்டு அடி தூரத்தில் போகிறவள் நேற்று என்ன சாப்பிட்டாள் என்று சொல்லக் கூடியவள். அப்படித்தான் அவள் சொல்லிக்கொண்டாள்.

அவளுக்குப் பக்கத்தில் மொட்டைக்கொம்பி உட்கார்ந்திருப்பாள். முசுறு எறும்புகளோடு நடந்த ஒரு சண்டையில் இவளுடைய இரண்டு கொம்புகளும் அடியோடு போய்விட்டன. அதனால் வாசனை தெரியாது. அவள் முன்கால்களால் தடவிப் பார்த்து எண்ணுவாள். காலையில் வெளியே போகிறவர்களை எண்ணுவாள், மாலையில் திரும்புகிறவர்களை எண்ணுவாள். கூச்சக்காரி. கேட்டால்தான் எண்ணிக்கையைச் சொல்வாள். யாரும் கேட்பதில்லை.

அன்று இரை தேடப் போன ஆறு பேர் சேர்ந்து ஓர் ஆளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எண்ணெய் பூசியது போல மின்னும் பழுப்பு உடம்பு. இறகு உதிர்ந்த தழும்பு நான்கு. மழைக்குப் பிறகு பறந்து வந்து தரையில் இறங்கிய எந்த ஊர் ராணியோ. அவள் கால்களை மடக்கிச் செத்தவள் போலக் கிடந்தாள். வழியெல்லாம் அந்த ஆறு பேரும், எந்தக் காலை யார் கடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அவளைக் கடித்தார்கள், நக்கினார்கள், மேலே விழுந்து புரண்டார்கள். வாசலுக்கு வந்து சேரும்போது அவள் மேல் அவளுடைய வாசனை கொஞ்சமும் மிச்சமில்லை. எல்லாம் அந்த ஆறு பேருடைய வாசனை.

கூர்மாயி கொம்பை நீட்டித் தடவினாள். அதிர்ந்து போனாள்.

"ஏண்டி, யாரைடி இப்படித் தரதரன்னு இழுத்துட்டு வர்றீங்க? இது நம்ம வீட்டு ஆளுடி."

"இரைதான்க்கா" என்றாள் ஒருத்தி.

"இரையாம் இரை. முகர்ந்து பாரு."

ஆறு பேரும் முகர்ந்தார்கள். தங்கள் வாசனையையே முகர்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்போது அந்தப் பிணம் ஒரு காலை நீட்டிச் சோம்பல் முறித்தது.

"நல்லா இருக்கீங்களா பிள்ளைகளா? உங்க அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி நான். சித்தின்னு கூப்பிடுங்க."

ஆறு பேருக்கும் வெட்கம் தாங்கவில்லை. பின்னங்காலைக் கடித்திருந்தவள் மன்னிப்புக் கேட்டு அந்தக் காலை நக்கிக் கொடுத்தாள். நக்கியவள் நின்றுவிட்டாள். மறுபடியும் நக்கினாள். சித்தியின் தோலில் ஒரு தித்திப்பு ஊறிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை நக்கியதும் அவளுடைய ஆறு கால்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரித்தாள். மற்ற ஐந்து பேரும் என்ன என்று பார்க்க நக்கினார்கள். அவர்களும் விழுந்தார்கள்.

மொட்டைக்கொம்பி தன் வேலையைச் செய்தாள். வந்தவளை முன்கால்களால் தடவினாள். கால் ஆறு. சரி. கொம்பு இரண்டு. சரி. கொம்பில் கணுக்களை அடியிலிருந்து எண்ணினாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் கொம்புக்குப் பன்னிரண்டு கணு. இவளுக்குப் பதினொன்று. இன்னொரு கொம்பை எண்ணினாள். அதிலும் பதினொன்று. மூன்று தடவை எண்ணிவிட்டு, மெல்லச் சொன்னாள்.

"அக்கா, ஒரு கணு குறையுது."

"வர்ற வழியில ஒடிஞ்சிருக்கும்" என்றாள் கூர்மாயி.

"ரெண்டு பக்கமுமா?"

"ஒரு பக்கம் மட்டும் ஒடிஞ்சா பார்க்க நல்லாவா இருக்கும்?"

சித்தி மொட்டைக்கொம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தப் பிள்ளைக்குக் கொம்பே காணோம். இதுவா என் கொம்பை எண்ணுது?" என்றாள். ஓடு அதிரும்படி எல்லாரும் சிரித்தார்கள். மொட்டைக்கொம்பி ஒதுங்கிக்கொண்டாள். ஆனால் அன்று மாலை எண்ணிக்கையை முடிக்கும்போது நூற்றுப் பத்தொன்பது என்று அவள் சொல்லவில்லை. நூற்றுப் பதினெட்டு, அப்புறம் ஒன்று என்றாள்.

சித்தி நேரே அம்மாவின் அறைக்குப் போனாள். அக்கா என்று கட்டிக்கொண்டாள். முதுகோடு முதுகு தேய்த்தாள். அம்மாவுக்குத் தங்கை இருந்த ஞாபகம் இல்லை. ஆனால் தேய்த்து முடித்தபோது வந்தவளிடமிருந்து தன் வாசனையே வந்தது. பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது? தங்கு என்று சொல்லிவிட்டாள்.

சித்தி பன்னிரண்டு நாள் தங்கினாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் ஓட்டுக்குள் திருவிழாதான். சித்திக்குத் தானாகச் சாப்பிட வராது. முன்னால் தீனியை வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாயோடு வாய் வைத்து ஊட்ட வேண்டும். ஊட்டுகிறவர்களுக்கு ஒரு நக்கு கிடைக்கும். அதனால் ஊட்டுவதற்கு வரிசை நின்றது. வரிசை அம்மாவின் அறையில் தொடங்கி, பிள்ளைகள் அறையைச் சுற்றி, வாசல் வரை வந்தது. ஊட்டி முடித்தவர்கள் தள்ளாடிக்கொண்டே வந்து வரிசையின் கடைசியில் மறுபடியும் நின்றார்கள்.

இரண்டு பேர் ஓர் எள்ளை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நாள் முழுவதும் நின்றார்கள். எள் நகரவில்லை. மாலையில், உன் உதவி இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். ஒருத்தி சேமிப்பில் இருந்த அரிசி நொய்யை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வைத்தாள். அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும், அதற்கும் ஓர் அம்மா இருக்குமில்லையா என்றாள். ஒருத்தி தன் கால்களில் எது முன்கால் எது பின்கால் என்று வழியில் போகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். கூர்மாயி வாசலில் ஒரு சிறு வண்டை நிறுத்தி முகர்ந்து, மாமா வாங்க என்று உள்ளே விட்டாள். அந்த வண்டு மூன்று நொய்யைத் தின்றுவிட்டு, இது நல்ல வீடு என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் தொட்டிலாயி. அவள் புழுப் பிள்ளைகளுக்குத் தீனி கொடுக்கப் போய், ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் ஒரு மணல் துகளை வைத்துத் தாலாட்டினாள்.

மொட்டைக்கொம்பியும் ஒரு தடவை நக்கிப் பார்த்தாள். கொம்பில்லாதவளுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அந்த ஓட்டில் தெளிவாக இருந்தது அவள் ஒருத்தி. தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். தள்ளாடிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்க் குளத்தில் விழுந்தவர்கள் நான்கு பேர். வாடிப்போன புழுப் பிள்ளைகள் பன்னிரண்டு. புரட்டிப் போட ஆளில்லாமல் பூஞ்சை பிடித்த முட்டைகள் இருபது. அம்மா நாள்தோறும் இட்ட முட்டைகள் மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று. ஏழாம் நாளிலிருந்து ஒன்றும் இல்லை. ஆனால் முட்டைக் குவியல் மட்டும் வளர்ந்தது. புது முட்டைகள் கொஞ்சம் நீளமாக இருந்தன. இதைக் கேட்டதற்கு, தங்கச்சி வந்த சந்தோஷத்தில் அம்மா நீளமாக இடுகிறாள் என்றாள் தொட்டிலாயி.

மொட்டைக்கொம்பி அம்மாவின் அறைக்குப் போனாள். சித்தி அம்மாவின் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். அரிவாள் போல மெலிந்த தாடைகள் இரண்டும் அம்மாவின் கழுத்தைச் சுற்றி இருந்தன.

"அம்மா, இது என்ன?"

"பிடிச்சு விடறா" என்றாள் அம்மா. "நல்ல பொண்ணு. கழுத்துதான் கொஞ்சம் இறுக்குது."

"இறங்கச் சொல்லவா?"

"வேண்டாம்டி. பாவம், போக்கிடம் இல்லாதவ."

சித்திக்கு வாய் வேலையாக இருந்தது.

மொட்டைக்கொம்பி தடவிப் பார்த்தாள். அம்மாவின் கழுத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது. அன்று முதல் தினமும் அந்தக் கோட்டை அளந்தாள். தினமும் அது ஒரு மயிரிழை ஆழமாயிற்று. இன்னும் நான்கு நாள் போனால் தலை தனியாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். கூர்மாயியிடம் போய்ச் சொன்னாள். கூர்மாயி, கொம்பில்லாதவள் கழுத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள். மொட்டைக்கொம்பி தனியாகவே சித்தியின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மூன்று அக்காமார் வந்து அவளைப் பிய்த்தெடுத்து, விருந்தாளியிடம் இப்படியா நடந்துகொள்வது என்று திட்டி, அவளையும் வரிசையில் நிற்க வைத்தார்கள்.

ஒன்பதாம் நாள், வீட்டிலேயே வயதான மூத்தாயி செத்துப்போனாள். நடைபாதையிலேயே கிடந்தாள். யாரும் கவனிக்கவில்லை. தாண்டிப் போனார்கள். ஒருத்தி அவளிடம் நலம் விசாரித்துவிட்டு, கோபம் போலிருக்கிறது என்று போனாள். இரண்டு நாள் இப்படியே கழிந்தது. பதினோராம் நாள் பிண வாசனை கிளம்பியது. எள்ளை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்களே அந்த இரண்டு பேர், சட்டென்று நிமிர்ந்து, மூத்தாயியை ஒரே பக்கமாகத் தூக்கி, வழி பிசகாமல் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். வந்த பிறகு மறுபடியும் தள்ளாடினார்கள்.

மொட்டைக்கொம்பி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை மயக்கத்திலும் இந்த ஒரு வேலையை மட்டும் இவர்கள் மறக்கவில்லை என்று நினைத்தாள். செத்தவள் கண்ணெதிரே கிடந்தாலும் தெரியாது, வாசனை வந்தால்தான் தெரியும் என்றும் நினைத்தாள். அதற்குப் பிறகு நெடுநேரம் யோசித்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவள் குப்பைமேட்டுக்குப் போனாள். மூத்தாயியின் உடம்பில் கசிந்திருந்த எண்ணெயைத் தன் முன்கால்களிலும் வயிற்றிலும் பூசிக்கொண்டாள். அது எப்படி நாறியது என்று அவளுக்குத் தெரியாது. நண்பகலில் காவல் இருக்காது, கூர்மாயி வரிசையில் இருப்பாள். அந்த நேரம் பார்த்து உள்ளே ஓடினாள். வரிசையில் நின்றவர்கள், யாரோ செத்துட்டாங்க போல என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மாவின் அறைக்குள் போய்விட்டாள்.

அம்மாவின் மேல் சித்தி. சித்தியின் மேல் மொட்டைக்கொம்பி ஏறினாள். மூன்று அடுக்கு.

"யாருடி அது?" என்றாள் சித்தி, தாடையை எடுக்காமலே.

"பிடிச்சு விடறேன் சித்தி."

"என்னடி இது, பிசுபிசுன்னு?"

"நல்ல எண்ணெய் சித்தி."

தலை, முதுகு, விலா, ஆறு கால் என்று ஓர் இடம் விடாமல் பூசினாள். அவசரத்தில் ஒரு சொட்டு சிந்தி அம்மாவின் இடது பின்னங்காலில் விழுந்தது. துடைக்க நேரமில்லை. வரிசை மொத்தமும் அறைக்குள் வந்துவிட்டது.

கூர்மாயி கொம்பை நீட்டினாள். முகர்ந்தாள். "ஐயோ, நம்ம சித்தி போயிட்டாங்கடி."

சித்தி தாடையை எடுத்தாள். "நான் எங்கேயும் போகல. உயிரோடதான் இருக்கேன்."

"இருக்கட்டும் சித்தி" என்றாள் கூர்மாயி ஆறுதலாக. "அங்க போய் இருங்க."

பதினான்கு பேர் சித்தியைத் தூக்கினார்கள். அவள் உதறினாள், கத்தினாள். நேற்று என்னை நக்கியவள்தானே நீ என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். எவ்வளவு பாசமாகப் பேசுகிறாள் பார், செத்த பிறகும் நம்மை மறக்கவில்லை என்று அவர்கள் அழுதார்கள். தொட்டிலாயி முன்னால் போய் வழியில் கிடந்த துரும்பையெல்லாம் ஒதுக்கினாள். பின்னாலேயே மூன்று பேர் மொட்டைக்கொம்பியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பாவம், ஒரே நாளில் இரண்டு சாவு என்றார்கள்.

அறையில் மிச்சம் இருந்தவர்கள் அம்மாவின் பின்னங்காலை முகர்ந்தார்கள். அந்தக் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அம்மா பெரிய உடம்புக்காரி, அசையவில்லை. மற்ற கால்களை முகர்ந்தார்கள். அவற்றில் உயிர் வாசனை வந்தது. கூடிப் பேசி, அம்மாவுக்கு ஒரு கால் மட்டும் காலமாகிவிட்டது என்று முடிவு செய்தார்கள். மீதி ஐந்து காலாவது நன்றாக இருக்கட்டும் என்று அவளுக்குத் துக்கம் சொன்னார்கள். அம்மா தலையாட்டிக்கொண்டே அந்தக் காலைத் துடைத்து முடித்தாள்.

குப்பைமேட்டில் சித்தியும் மொட்டைக்கொம்பியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள்.

"எனக்குப் பசிக்குது" என்றாள் சித்தி.

"எங்க அம்மா உனக்கு என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. எனக்குப் பள்ளம் தோண்டத் தெரியாது. மெல்லத் தெரியாது. என் உடம்பைத் துடைச்சுக்கவும் தெரியாது. எங்க அம்மாவுக்கும் தெரியாது. அடுத்தவங்க வீட்டுக்குள்ள போகத் தெரியும். அது ஒண்ணுதான் தெரியும்."

மொட்டைக்கொம்பி அவள் வாயில் ஒரு சொட்டுத் தீனி ஊட்டினாள். ஒன்றுதான். இரண்டாவது கேட்டபோது தரவில்லை.

சித்தி எழுந்து, அடுத்த வீட்டைத் தேடிப் போனாள். அந்தக் கரையில் இன்னும் மூன்று எறும்புப் புற்றுகள் இருந்தன. மூன்று வாசலிலும் அவளை வாசனை பார்த்தார்கள். மூன்று வீட்டாரும் தூக்கித் தங்கள் தங்கள் குப்பைமேட்டில் போட்டார்கள். மூன்றாவது மேட்டிலிருந்து அவள் எழுந்து வந்ததை யாரும் பார்க்கவில்லை.

மொட்டைக்கொம்பி தன்னைத் தானே துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கூர்மாயி, அழுதுகொண்டே அவளைத் தூக்கிக் குப்பைமேட்டில் போட்டாள். அவள் மறுபடியும் துடைத்துக்கொண்டு வந்தாள். மறுபடியும் தூக்கிப் போட்டார்கள். நாற்றம் போயிற்றா இல்லையா என்று பார்க்க அவளுக்குக் கொம்பு இல்லை. தூக்கினால் போகவில்லை, தூக்காவிட்டால் போயிற்று. வேறு வழியில்லை. ஏழு தடவை போட்டார்கள். நான்காம் தடவையிலிருந்து, இவளுக்கு வீட்டின் மேல் எவ்வளவு ஆசை பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். எட்டாம் தடவை கூர்மாயி முகர்ந்துவிட்டு, "எங்கேடி போயிருந்தே இவ்வளவு நேரம்? வாசல்ல எண்ண ஆளில்லை" என்றாள்.

மயக்கம் தெளிய இரண்டு நாள் ஆயிற்று. தெளிந்ததும் தலைவலி. தலைவலிக்குப் பிறகு வெட்கம். அம்மாவின் கழுத்தில் இருந்த கோட்டை ஒவ்வொருத்தியும் தடவிப் பார்த்தாள். அம்மாவுக்குத் தேன் ஊட்டினார்கள். காயம் ஆறியது. முட்டைக் குவியலை மொட்டைக்கொம்பி பிரித்தாள். நீளமானவை பதினாறு. அவற்றை வெளியே வைக்கச் சொன்னாள். தொட்டிலாயி, நாம் வளர்த்தால் நம் பிள்ளைகள் ஆகாதா என்று கெஞ்சினாள். வளர்ந்த பிறகு அவர்களும் இன்னொரு வீட்டுக்குச் சித்தியாகப் போவார்கள் என்றாள் மொட்டைக்கொம்பி. தொட்டிலாயி தானே பதினாறையும் சுமந்துபோய் வைத்துவிட்டு வந்தாள்.

கூர்மாயி வெகுநேரம் தயங்கிவிட்டு, மொட்டைக்கொம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பதினொண்ணுன்னு அன்னிக்கே சொன்னே இல்ல?"

"சொன்னேன்க்கா."

"இனிமே கொஞ்சம் சத்தமா சொல்லுடி."

அதன் பிறகு அந்த வாசலில் யார் வந்தாலும் ஒருத்தி முகர்ந்தாள், ஒருத்தி எண்ணினாள். இரண்டும் ஒத்துப் போனால்தான் உள்ளே விட்டார்கள்.

தன் மூக்கை மட்டுமே நம்புகிற வீடு பகையை உறவென்று உள்ளே கொண்டுவரும், உயிருள்ளவளைப் பிணமென்று வெளியே கொண்டுபோகும். ஆகையால் எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் இன்னொரு விதத்திலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

குளத்தில் விழுந்தவர்கள் நான்கு பேர், மூத்தாயி, பட்டினியில் போனவர்கள் இரண்டு பேர் ஆகிய ஏழு பேரைக் கழித்து, கூட்டை உடைத்து வெளியே வந்த நான்கு பேரைக் கூட்டி, வேலைக்காரப் பெண்கள் அறுபத்தொருவர், புழுப் பிள்ளைகள் நான்கு, பழைய கூடுகளில் காய்ந்துபோன ஏழைத் தள்ளி, கூட்டில் தூங்குகிறவர்கள் புதிதாக மூன்று, முட்டைகள் பதின்மூன்று, அம்மா ஒருத்தி. மிஞ்சியது எண்பத்திரண்டு உயிர்.